மேல இருந்து கீழ பாத்த லேசர்: ஹூஸ்டன் ஓசோன், 2000 ஆகஸ்ட் 30 - ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

1990கள் முடியுற வரைக்கும் அமெரிக்காவுல ஓசோன் மாசுன்னாலே லாஸ் ஏஞ்சலஸ் தான். 1999, 2000 வாக்குல அந்த கெட்ட பேரு டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்கு வந்துடுச்சு. 1999 அக்டோபர்ல நகரத்துக்கு கிழக்கால டீர் பார்க்ல இருக்குற மானிட்டர் ஒரு மணி நேர சராசரியா 250 பிபிபியை ஒட்டி காட்டுச்சு, அதாவது காத்துல நூறு கோடி பங்குக்கு 250 பங்கு ஓசோன். அப்ப இருந்த ஒரு மணி நேர வரம்பு 120 பிபிபி. வரம்போட ரெண்டு மடங்கு காத்தை அந்த பக்கத்து ஜனங்க மூச்சா இழுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

இங்க பேசுறது உயரத்துல நம்மள காப்பாத்துற ஓசோன் இல்ல, தரையை ஒட்டி உருவாகி நுரையீரலை அரிக்கிற ஓசோன். இதை யாரும் நேரா வெளிய விடுறது கிடையாது. வண்டி, மின் நிலையம், ஃபேக்டரி விடுற நைட்ரஜன் ஆக்சைடும், ஆவியா போற கரிம வாயுக்களும் வெயில்ல சேந்து சமைஞ்சு வர்றது. ஹூஸ்டன்ல வெயிலுக்கு பஞ்சமே இல்ல, வண்டிக்கும் இல்ல, அதுக்கு மேல ஷிப் சேனல்னு சொல்ற கப்பல் கால்வாய் ஓரமா உலகத்துலயே பெரிய பெட்ரோகெமிக்கல் ஆலைக் கூட்டங்கள்ல ஒண்ணு வரிசையா நிக்குது. அந்த வேலி ஓரமாவே மான்செஸ்டர், கலீனா பார்க் மாதிரி குடியிருப்புகளும் இருக்கு.

2007-க்குள்ள வரம்புக்கு கீழ கொண்டு வரணும்னு மத்திய அரசோட கெடு. மாநில சுற்றுச்சூழல் ஆணையம் அதுக்கு போட்டுக்கிட்டிருந்த திட்டத்தோட முதுகெலும்பு, ஆலைகளோட நைட்ரஜன் ஆக்சைடை சுமார் 90% குறைக்கிறது. இது ரொம்ப செலவு பிடிக்கிற வேலை, கடைசி கொஞ்ச சதவீதத்துக்கு செலவு எகிறும். இந்த திட்டம் கம்ப்யூட்டர் மாடலை நம்பி போட்டது, மாடல், யார் எவ்வளவு வாயு விடுறாங்கன்னு சொல்ற உமிழ்வு பட்டியலை நம்பி ஓடுது, பட்டியல்ல இருக்குற கரிம வாயு கணக்கு பெரும்பாலும் ஆலைகளே ஃபார்முலா வெச்சு எழுதிக் கொடுத்தது. வால்வு இத்தனை, டேங்க் இத்தனை, ஃப்ளேர், அதாவது மிச்ச வாயுவை எரிக்கிற குழாய், 98, 99% எரிச்சுடும்னு ஒரு அனுமானம், இப்படி பெருக்கி வந்த நம்பர். பல கோடி டாலர் முடிவு நிக்கிற இடத்துல அடிக்கல்லை காத்துல நேரா போய் அளந்து முழுசா சரிபாக்கல.

இந்த நிலைமையில தான் 2000 ஆகஸ்ட் 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் டெக்சஸ் காத்துத் தர ஆய்வுன்னு ஒரு பெரிய கள ஆய்வு நடந்துச்சு. நூத்துக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள், பல விமானங்கள், தரையில லா போர்ட் விமான நிலையத்துல கருவிகள், சுத்து வட்டாரத்துல ரேடார் காத்து அளவிகள். அந்த விமானங்கள்ல ஒண்ணு பழைய டிசி-3, அதுக்குள்ள அமெரிக்க கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவோட ஆய்வுக்கூடம் கட்டின ஓசோன் லிடார், அதாவது லேசர் வெச்சு ஓசோனை அளக்குற கருவி, இருந்துச்சு.

லேசரை ஏன் எடுத்துட்டு போனாங்க

தரை மானிட்டர் தான் இருக்குற இடத்து காத்தை மட்டும் சொல்லும். ஹூஸ்டன் மாதிரி பரந்த ஊர்ல மானிட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவுல ஒரு புகைத்தாரை சத்தமில்லாம நுழைஞ்சு போயிடலாம். காத்தை உள்ள இழுத்து அளக்குற விமானம் துல்லியமானது, ஆனா அது பறக்குற ஒரே உயரத்தை தான் பாக்கும். மாசு மொத்தமா எவ்வளவு இருக்கு, எங்க போகுதுன்னு தெரியணும்னா அகலமும் ஆழமும் ஒரே நேரத்துல வேணும்.

லிடார் அதை இப்படி செய்யுது. விமானம் மாசு கலந்த அடுக்குக்கு மேல பறக்கும், லேசர் துடிப்பை நேரா கீழ அனுப்பும். தூசியும் காத்து மூலக்கூறும் அந்த வெளிச்சத்துல கொஞ்சத்தை திருப்பி அனுப்பும், திரும்பி வர எடுத்த நேரத்தை வெச்சு எந்த உயரத்துல இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுடலாம், 1 கிலோமீட்டர் கீழ போய் திரும்ப 7 மைக்ரோ செகண்ட் கூட ஆகாது. ஓசோனுக்குன்னு வர்ற சூட்சுமம் ரெண்டு அலைநீளத்துல அனுப்புறது. புற ஊதாவுல ஒரு நிறத்தை ஓசோன் நல்லா உறிஞ்சும், பக்கத்து நிறத்தை கம்மியா உறிஞ்சும். ரெண்டும் கீழ போகப் போக எவ்வளவு வித்தியாசமா மங்குதுன்னு பாத்தா ஒவ்வொரு உயரத்துலயும் ஓசோன் எவ்வளவுன்னு கணக்கு வந்துடும். கிணத்துல கயிறு விட்டு ஆழம் பாக்குறதை ஊரு முழுக்க நகந்துக்கிட்டே செய்யுற மாதிரி, பறந்து முடிக்கும்போது வானத்தோட ஒரு குறுக்குவெட்டுப் படம் கையில இருக்கும். அதே சிக்னல்ல தூசியும் தெரியுறதால, தரையில இருந்து காத்து மேலும் கீழும் கலக்குற கலப்பு அடுக்கோட மேல்விளிம்பு எங்க நிக்குதுன்னும் கிடைக்கும்.

குறையும் இருக்கு. மேகம் வந்தா லேசர் அங்கயே நின்னுடும். தரையை ஒட்டின கொஞ்ச உயரத்துல சிக்னலை நம்ப முடியாது. தூசி சட்டுனு மாறுற இடத்துல கணக்கு ஆடும், அதுக்கு திருத்தம் போடணும். முக்கியமா இந்த லிடாருக்கு ஓசோன் தெரியும், அந்த ஓசோனை உண்டாக்கின எத்திலீன், புரொப்பிலீன் மாதிரி கரிம வாயுக்கள் தெரியாது. அதனால தான் காத்தை நேரா உறிஞ்சி அளக்குற எலக்ட்ரா விமானத்தையும் அதே சீசன்ல பறக்க விட்டாங்க. லிடார் மட்டும் போயிருந்தா "என்ன நடந்துச்சு" தெரிஞ்சிருக்கும், "ஏன்" தெரிஞ்சிருக்காது.

ஆகஸ்ட் 30: பகல்ல பாத்தது

அந்த வாரம் கடும் வெயில். சில நாள் கழிச்சு செப்டம்பர் 4-ல ஹூஸ்டன் தன்னோட சரித்திரத்துலயே அதிக வெப்பமா 109 ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 43 டிகிரி செல்சியஸ் தொட்டுச்சு, அப்ப 30-ம் தேதி எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கங்க.

காலையில காத்து நிலத்துல இருந்து கடல் பக்கமா மெதுவா போச்சு. நகரத்து புகை, ஷிப் சேனல் ஆலைப் புகை எல்லாம் கிழக்கால கால்வெஸ்டன் வளைகுடா பக்கம் நகந்துச்சு. இந்த நேரத்துல தரை மானிட்டரை மட்டும் பாத்தா பெரிய ஆபத்து எதுவும் தெரியாது. பகல் ஏற ஏற நிலம் சூடாச்சு, கடல்ல இருந்து உள்ள வரப் பாக்குற காத்தும் நிலத்துல இருந்து வெளிய போற காத்தும் ஒண்ணை ஒண்ணு தடுத்து நிறுத்துச்சு. ஆலைகள் இருக்குற அந்த கிழக்குப் பகுதி மேலயே காத்து கிட்டத்தட்ட அசையாம நின்னுச்சு. ஆலை விடுற வாயு நகராம அதே இடத்துல சேருது, நடு உச்சி வெயில் மேல அடிக்குது, இதைவிட மோசமான சேர்க்கை ஓசோனுக்கு தேவையில்ல. அப்புறம் வளைகுடாவுல இருந்து கடல்காத்து உள்ள புகுந்துச்சு, காலையில வெளிய தள்ளினதையும் சேத்து நகரத்து மேலயே திருப்பித் தள்ளுச்சு.

தரைக்கு பக்கத்துல ஒரு மணி நேர அளவு 200 பிபிபியை ஒட்டி போச்சு. அதிர்ச்சி தர்ற நம்பர் தான், ஆனா அன்னிக்கு லேசர் சொன்னது அதைவிட கனமானது: அந்த கெட்டியான ஓசோன் தரையில மட்டும் படிஞ்சு கிடக்கல, 2 கிலோமீட்டர் உயரத்தை நெருங்குற வரைக்கும் நிறைஞ்சு நின்னுச்சு.

இது ஏன் பெரிய விஷயம்னு கொஞ்சம் நின்னு யோசிக்கணும். தரையில 150 பிபிபின்னு ஒரே நம்பர் காட்டுற ரெண்டு நாளை எடுத்துக்குங்க. ஒரு நாள் அந்த அடுக்கு 500 மீட்டர் தடிமன், இன்னொரு நாள் 2 கிலோமீட்டர். தரை மானிட்டருக்கு ரெண்டும் ஒண்ணு தான். ஆனா ரெண்டாவது நாள்ல காத்துல மிதக்குற ஓசோன் முதல் நாளைப் போல ஏறக்குறைய 4 மடங்கு, அவ்வளவையும் அங்க இருந்த உமிழ்வு தான் உண்டாக்கியிருக்கணும், அவ்வளவும் சாயங்காலம் எங்கயோ போயாகணும். உற்பத்தி எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவுங்கிற ரெண்டு கேள்விக்கும் ஆழம் தெரியாம பதில் சொல்லவே முடியாது.

ராத்திரியும் மறுநாளும்

சூரியன் விழுந்ததும் தரை குளிரும், தரையை ஒட்டின காத்து மேல இருக்குற காத்தோட கலக்காம பிரிஞ்சுடும். கீழ வண்டி விடுற நைட்ரிக் ஆக்சைடு அங்க மிச்சம் இருக்குற ஓசோனை தின்னுடும், செடி, மண்ணு, சுவரு எல்லாம் கொஞ்சம் இழுத்துக்கும். அதனால ராத்திரி தரை மானிட்டர்ல நம்பர் இறங்கும், பாக்குறவங்களுக்கு காத்து சுத்தமாயிடுச்சுன்னு தோணும். ஆனா மேல பகல்ல நிறைஞ்ச அந்த ஆழமான அடுக்கு அப்படியே இருக்கு, தின்ன ஆளில்ல. ராத்திரி மேல காத்து வேகம் எடுக்கும், அந்த அடுக்கை சுத்தியிருக்குற கிராமப்புறங்களுக்கு மேல கொண்டு போச்சு. மறுநாள் காலையில வெயில் ஏறி காத்து மேலும் கீழும் கலக்க ஆரம்பிச்சதும் மேல இருந்தது தரைக்கு இறங்கி அந்த ஊர்களோட "பின்னணி அளவு" ஆயிடுச்சு. அந்த மாசு அத்தியாயம் நடந்த நாட்கள்ல பின்னணி படிப்படியா ஏறினதுக்கு இது தான் வழி.

ஆலையே இல்லாத ஊர் மேலயும் ஓசோன் ஏறுது, அங்க இருக்குறவங்க தங்கள் வண்டியை குறைச்சாலும் பெருசா பலன் இருக்காது. மண்டல அளவு மாசுன்னு சொல்றது இதைத்தான்.

மாடல் எங்க இடறுச்சு

மாநில ஆணையத்து மாடல் குழு இந்த நாட்களை கம்ப்யூட்டர்ல திரும்ப ஓட்டிப் பாத்தாங்க. ஆலைகள் கொடுத்த பட்டியலை வெச்சு ஓட்டினா ஓசோன் வானத்துல பாத்த வேகத்துலயும் ஏறல, அந்த உச்சத்தையும் தொடல.

காரணம் எலக்ட்ரா அளந்ததுல கிடைச்சுது. தனியா நிக்கிற மின் நிலையத்து புகையில நைட்ரஜன் ஆக்சைடு நிறைய, ஓசோன் மெதுவா, மணிக்கணக்கா போய் தான் உருவாகுது. ஸ்வீனி, ஃப்ரீபோர்ட், சாக்லேட் பேயூ, ஷிப் சேனல்னு பெட்ரோகெமிக்கல் ஆலைகள் இருக்குற இடத்துல இருந்து காத்து அடிச்சுக்கிட்டு போற பக்கத்துல எத்திலீன், புரொப்பிலீன் எக்கச்சக்கமா இருந்துச்சு. இதுங்க படு சுறுசுறுப்பா வினை செய்யுற வாயுக்கள், அதனால ஓசோன் அங்க வேகமாவும் உருவாச்சு, ஒரு பங்கு நைட்ரஜன் ஆக்சைடுக்கு கிடைச்ச ஓசோனும் அதிகம். நைட்ரஜன் ஆக்சைடு கணக்கு பட்டியலோட ஓரளவு ஒத்துப் போச்சு, ஏன்னா பெரிய புகைபோக்கிகள்ல நேரடி மீட்டர் இருக்கு. ஆனா எத்திலீன், புரொப்பிலீன் அளவு பட்டியல்ல இருந்ததைவிட பத்து மடங்குல இருந்து நூறு மடங்கு வரைக்கும் அதிகம். மீட்டர் வெச்ச இடத்துல கணக்கு சரி, ஃபார்முலா வெச்ச இடத்துல தப்பு, இந்த ஒரு ஒப்பீடே எனக்கு போதுமானதா படுது.

இன்னொரு சிக்கல் வானிலை. காத்து எப்ப நிக்குது, கடல்காத்து எத்தனை மணிக்கு எவ்வளவு தூரம் உள்ள வருதுங்கறதுல மாடல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் பிசகினாலே உச்சம் வேற ஊர்ல விழும். அதுக்கு ரேடார் காத்து அளவிகளோட டேட்டாவை மாடலுக்குள்ள ஊட்டி இழுத்துப் பிடிச்சாங்க, மாடல் ஊரைப் பிரிச்சு கணக்கு போடுற கட்டத்தோட அளவையும் 4 கிலோமீட்டர், 1 கிலோமீட்டர்னு சுருக்கினாங்க.

இங்க தான் லிடார் படம் ஒரு பொறியை தவிர்க்க உதவும். கலப்பு அடுக்கை மாடல் நிஜத்துல பாதி உயரம்னு வெச்சுக்கிட்டா, உமிழ்வு பட்டியல் பாதி தான் இருந்தாலும் தரையில நம்பர் சரியா வந்துடும், ரெண்டு தப்பு ஒண்ணை ஒண்ணு மறைச்சுடும். தரை மானிட்டரோட மட்டும் ஒப்பிட்டா அந்த மாடலுக்கு நல்ல மார்க் கிடைக்கும், அதை வெச்சு "இவ்வளவு குறைச்சா போதும்"னு முடிவு எடுத்தா அது தப்பா போகும். மேல வரைக்கும் அளந்த குறுக்குவெட்டு கையில இருந்தா இந்த ஏமாத்து நடக்காது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

2000 டிசம்பர்ல 90% திட்டம் ஆணையத்துல நிறைவேறுச்சு, அப்ப கள ஆய்வு டேட்டா முழுசா அலசி முடியல, ஆனா கெடு காத்திருக்காது. 2001 ஜனவரியில தொழில் நிறுவனங்களோட கூட்டமைப்பு வழக்கு போட்டுச்சு. வழக்கு சமரசத்துல முடிஞ்சப்போ புது அறிவியலை சீக்கிரமா பரிசீலிக்கணும்னு ஒத்துக்கிட்டாங்க.

மாடல் குழு முதல்ல செஞ்சது பட்டியலை திருத்துறது. ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு விடுதுன்னு தனித்தனியா தெரியாது, அதனால வானத்துல அளந்த விகிதத்தை துணைக்கு வெச்சு, ஆலையோட நைட்ரஜன் ஆக்சைடோட ஒப்பிட்டு சுறுசுறுப்பான வாயுக்களை கூட்டினாங்க. இது தோராயம் தான், யாரும் இது நிஜ கணக்குன்னு சொல்லல. ஆனா சேத்ததும் மாடல் ஓசோன் அளந்த ஓசோனுக்கு கிட்ட வந்துச்சு. தப்புன்னு நிரூபணம் ஆன பட்டியலோட போறதைவிட தோராயமா திருத்தினதோட போறது மேல்ங்கிற இந்த முடிவை நான் முழுசா ஏத்துக்கிறேன்.

2002 டிசம்பர்ல விதிகள் மாறுச்சு. நைட்ரஜன் ஆக்சைடு குறைப்பு 90-ல இருந்து சுமார் 80% ஆச்சு, அதுக்கு பதிலா எத்திலீன், புரொப்பிலீன், பியூட்டாடையீன், பியூட்டீன் வகைகளுக்கு தனி கட்டுப்பாடு வந்துச்சு. ஃப்ளேருக்கு போற வாயுவையும் கூலிங் டவர் தண்ணியையும் தொடர்ந்து கண்காணிக்கணும். வருஷ உச்சவரம்போட சேத்து, ஒரு ஆலை ஒரு மணி நேரத்துல 1,200 பவுண்டுக்கு மேல, அதாவது சுமார் 540 கிலோவுக்கு மேல, இந்த வாயுக்களை விடக்கூடாதுன்னு குறுகிய கால வரம்பும் பின்னாடி சேந்துச்சு. மணிக்கணக்கு வரம்பு ரொம்ப முக்கியம், ஏன்னா ஆலை கோளாறு ஆகி திடீர்னு ஒரு மணி நேரம் கொட்டுறது வருஷ சராசரியில கரைஞ்சு போயிடும், ஆனா காத்து நின்னு போன நடுப்பகல்ல அதே கொட்டல் ஊரையே வரம்புக்கு மேல தூக்கிடும்.

பின்னால நடந்தது

2006-ல ரெண்டாவது கள ஆய்வு வந்துச்சு. இந்த தடவை புது ஓசோன் லிடாரை ட்வின் ஆட்டர் விமானத்துல வெச்சு, புகைத்தாரையை குறுக்கா வெட்டி பறந்து, ஓசோன் அளவையும் அடுக்கோட தடிமனையும் காத்து வேகத்தையும் பெருக்கி, ஹூஸ்டன்ல இருந்தும் டல்லாஸ்ல இருந்தும் மணிக்கு எவ்வளவு ஓசோன் வெளிய போகுதுன்னு கணக்கு எடுத்தாங்க. 2000-ல படமா பாத்த ஏற்றுமதிக்கு இப்ப நம்பர் கிடைச்சுது. எத்திலீன் 2000-ஐ விட குறைஞ்சிருந்துச்சு. ஆனா ஆலைகள் கொடுக்குற பட்டியல் அப்பவும் அளந்ததைவிட பல மடங்கு கீழயே கிடந்துச்சு.

2007-ல லேசர் வானத்துல இருந்து ஆலை வாசலுக்கே வந்துச்சு. பிரிட்டன்ல இருந்து கொண்டு வந்த லாரி லிடார் டெக்சஸ் சிட்டியில ஒரு சுத்திகரிப்பு ஆலையை டேங்க் டேங்கா, ஃப்ளேர் ஃப்ளேரா வருடிப் பாத்துச்சு. 2010-ல ஹூஸ்டன் நகராட்சியும் அதே வகை அளவீட்டை இன்னொரு ஆலையில செஞ்சுது. சில டேங்குகள்ல ஃபார்முலா சொன்னதைவிட ரொம்ப அதிகமா வாயு போறது நேராவே தெரிஞ்சுது.

ஹூஸ்டன் ஓசோன் உச்சங்கள் அந்த பத்து வருஷத்துல நல்லா இறங்குச்சு. அதுக்கு இந்த விதி மட்டும் தான் காரணம்னு சொன்னா அது நேர்மையா இருக்காது, வண்டிகள் சுத்தமாச்சு, நைட்ரஜன் ஆக்சைடும் நிறைய குறைஞ்சுது. இன்னொரு பக்கம் வரம்பும் இறுகி 8 மணி நேர சராசரிக்கு 70 பிபிபின்னு வந்துடுச்சு, அதை ஹூஸ்டன் இன்னும் தாண்டிக்கிட்டு தான் இருக்கு.

திரும்ப செஞ்சா என்ன மாத்தணும்

முதல்ல, ராத்திரி. கதையோட பாதி ராத்திரி மேல நடக்குது, ஒரு மாச கள ஆய்வுல விமானத்தை எல்லா ராத்திரியும் பறக்க விட முடியாது. தரையில நிரந்தரமா நின்னு மேல பாக்குற லிடார் தான் இதுக்கு வழி. 2010களின் தொடக்கத்துல நாசா, நோவா எல்லாம் சேந்து ஓசோன் லிடார்களை ஒரு வலையமைப்பா கோத்தாங்க, 2021 செப்டம்பர்ல ஹூஸ்டன்ல நடந்த ஆய்வுல தரை லிடாரும் விமான லிடாரும் ஒண்ணா வேலை செஞ்சுது. 2000-லயே லா போர்ட்ல ஒரு ஓசோன் லிடார் ராப்பகலா ஓடியிருந்தா அந்த அடுக்கு இறங்குறது மணி மணியா கிடைச்சிருக்கும்.

ரெண்டாவது, தண்ணி மேல. காலையில வெளிய போன புகை கால்வெஸ்டன் வளைகுடா மேல என்ன ஆச்சுங்கறது சாயங்காலத்தை தீர்மானிக்குது, அங்க மானிட்டர் நட முடியாது. 2021-ல படகுகள்ல இருந்து ஓசோன் அளந்தாங்க, இது தொடக்கத்துலயே திட்டத்துல இருக்கணும்.

மூணாவது தான் எனக்கு ஆறாத வருத்தம். வானத்துல 2000-லயே பட்டியல் தப்புன்னு தெரிஞ்சுது, ஆலை வாசல்ல லேசர் நிக்க 2007 ஆச்சு. அந்த இடைவெளியில வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த குடும்பங்கள் அதே காத்தை தான் சுவாசிச்சாங்க. மண்டல அளவுல இவ்வளவு பெரிய பிசகு தெரிஞ்ச உடனே, எந்த டேங்க், எந்த ஃப்ளேர்னு தேடுற அளவீட்டுக்கு அதே பட்ஜெட்ல இடம் ஒதுக்கியிருக்கணும்.

மாடல் குழுக்களுக்கு ஒண்ணு. 2023 ஏப்ரல்ல ஏவின டெம்போ செயற்கைக்கோள் பகல்ல மணிக்கொரு தடவை வட அமெரிக்கா முழுக்க மாசை அளக்குது, பரப்புக்கு அது அருமை. ஆனா எந்த உயரத்துல எவ்வளவுங்கறதை லிடார் அளவுக்கு பிரிச்சு சொல்லாது, ராத்திரி பாக்காது. அதனால மாடலை சோதிக்கும்போது தரை மானிட்டர், செயற்கைக்கோள் ரெண்டோட நிறுத்தாம, அடுக்கோட உயரத்தையும் அடுக்குக்குள்ள இருக்குற மொத்த ஓசோனையும் தனித்தனியா லிடாரோட ஒப்பிட்டு, ரெண்டும் பொருந்தின அப்புறம் தான் அந்த மாடலை வெச்சு எவ்வளவு குறைக்கணும்னு கேக்கணும்.